கப்பலில் ஏது விமானி?

கப்பல் செய்திகளைத் தமிழில் எழுதப் பழகுகிறவர்களின் பிரதிகளைத் திருத்துவது என் வேலை. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். நான் பழகிய காலத்தில் எங்கள் மேசையில் கிடந்த தவறுகள் மட்டும் அப்படியே திரும்பி வருகின்றன. எழுத்துப்பிழையையும் ஊர்ப்பெயர்க் குழப்பத்தையும் விட்டுவிடுகிறேன். ஆளையே மாற்றிவிடும் தவறுகளைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

எல்லாரும் மாலுமி அல்லர்

மாலுமி என்றால் நம் மனத்தில் வருபவர் மேல்தளத்தில் கயிறு, நங்கூரம், சுக்கான் என்று வேலை செய்பவர். இன்ஜின் அறையில் இருப்பவரும் சமையல்காரரும் கப்பல் பணியாளர்கள். எல்லாரையும் சேர்த்துச் சொல்லக் 'கடலோடிகள்' என்ற நல்ல சொல் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தமும் கப்பலில் எந்த வேலை பார்ப்பவரையும் ஒரே வகையில்தான் சேர்க்கிறது.

பைலட்

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. 2024 மார்ச் 26 அன்று 'டாலி' என்ற சரக்குக் கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. வழியில் மின்சாரம் போய், பாலத்தின் தூணில் மோதியது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த 6 பேர் இறந்தார்கள். அதைப் பற்றி எழுதிய ஓர் இளைஞரின் பிரதியில் 'கப்பலில் இரண்டு விமானிகள் இருந்தனர்' என்று இருந்தது.

கேட்டதும் 'மாலுமிகள்' என்று மாற்றிக் கொடுத்தார். அதுவும் தப்பு. பைலட் அந்தக் கப்பலின் ஊழியரே அல்ல. அந்த நீர்வழியின் ஆழமும் நீரோட்டமும் தெரிந்த உள்ளூர் வல்லுநர். படகில் வந்து, கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியில் ஏறி, வழி சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். அவரை மாலுமி ஆக்கினால் பணியாளர் கணக்கிலும் இரண்டு பேர் கூடிவிடுவார்கள்.

சரி என்று மறுபடி எடுத்துப்போய், 'கப்பலின் பொறுப்பை ஏற்றிருந்த பைலட்டுகள்' என்று எழுதி வந்தார். இதுதான் மூன்றிலும் மோசம். பைலட் ஏறினாலும் கப்பலின் பொறுப்பு கேப்டனை விட்டுப் போவதில்லை. பைலட் சொல்லும் வழி ஆபத்தானது என்று பட்டால் கேப்டன் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். பனாமா கால்வாய் விதிவிலக்கு. அங்கே கப்பலைச் செலுத்தும் கட்டுப்பாடு பைலட்டின் கைக்குப் போகிறது. மற்ற இடங்களில் அப்படி எழுதினால், விசாரணை தொடங்கும் முன்பே யார்மேல் குற்றம் என்று நாமே தீர்ப்பு சொன்னதாகிவிடும். பால்டிமோரில் அந்த பைலட்டுகள் கொடுத்த எச்சரிக்கையால்தான் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அவர்களுக்கு இப்படியா பெயர் கொடுப்பது?

'துறைமுக வழிகாட்டி' என்று எழுதுங்கள். துறைமுகத்தில் எல்லாரும் சொல்கிற 'பைலட்' என்ற சொல்லையே, கூடவே ஒரு வரி விளக்கத்தோடு எழுதினாலும் போதும்.

'கேப்டன் ஓட்டினார்'

பெரும்பாலும் இல்லை. சுக்கானைப் பிடிப்பவர் சுக்கானி. அவருக்குக் கட்டளை கொடுப்பவர், அந்த நேரத்து முறைப்பணியில் கப்பலைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரி. 1989 மார்ச்சில் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' எண்ணெய்க் கப்பல் பாறையில் ஏறியபோது கேப்டன் மேல்தளக் கட்டுப்பாட்டு அறையில் இல்லை. அங்கே பொறுப்பில் இருந்தவர் மூன்றாம் அதிகாரி. பைலட் அதற்கு முன்பே இறங்கிவிட்டார். 'கேப்டன் பாறையில் மோதினார்' என்று எழுதினால் யார் எங்கே இருந்தார் என்ற முழுக் கதையும் காணாமல் போகிறது.

கடற்படை கேப்டன்

அது பதவி நிலை. ராணுவத்தில் கர்னலுக்குச் சமம். ராணுவக் கேப்டனோடு குழப்ப வேண்டாம்.

மீகாமன், நீகான்

இரண்டும் கப்பலைச் செலுத்துபவனுக்கான பழைய சொற்கள். நீகான் அகநானூற்றிலேயே வருகிறான், கரை மாடத்து விளக்கொளியைப் பார்த்துக் கலத்தைச் செலுத்துபவனாக. சரித்திரக் கதைக்கு அழகு. விபத்துச் செய்திக்கு வேண்டாம்.

மீனவர்

மீனவரை மாலுமி என்று எழுதாதீர்கள். படகின் சொந்தக்காரரான சம்மாட்டியையும் படகில் போனவர்களையும் ஒன்றாக்காதீர்கள். சம்மாட்டி அன்று கரையிலேயே இருந்திருக்கலாம். கேட்டுவிட்டு எழுதுங்கள்.