வீட்டுக்குள் வளரும் கீரைக்கு எந்த நிற விளக்கு?

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா போன்ற பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளில், எதிர்க்கட்டடம் சன்னலை மறைப்பதாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் பெரும்பாலும் மூடியே இருப்பதாலும், தொட்டியில் தூவிய வெந்தயம் முளைத்த சில நாட்களிலேயே நூல்போல நீண்டு சாய்ந்துவிடுகிறது. விளக்கு வைத்தால் இக்குறை தீரும். ஆனால் செடி வளர்ப்பதற்கென்றே சிவப்பும் நீலமும் கலந்து விற்கப்படும் ஊதா நிற விளக்கை வாங்கும் முன், ஒவ்வொரு நிறமும் இலையை என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். வீட்டுக் கீரைக்கு அந்த விளக்கு தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒளிச்சேர்க்கைக்குச் செடி பயன்படுத்துவது ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியாகும். இதில் 660 நானோமீட்டர் அளவிலுள்ள சிவப்பு ஒளியைப் பச்சையம் மிகத் திறமையாகப் பயன்படுத்திக்கொள்கிறது. எனினும் சிவப்பை மட்டும் கொடுத்தால் தண்டும் காம்பும் நீண்டு, இலை மெலிந்து, சில செடிகளில் சுருண்டும் போகிறது. 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி இலைத்துளைகளைத் திறக்கிறது. தண்டைக் குட்டையாக நிறுத்தி, இலையைத் தடிப்பாகவும் அடர்நிறமாகவும் ஆக்குகிறது. அதே நீலம் மிகுந்துவிட்டால் இலை சிறுத்து, அறுவடையின் எடை குறையும்.

பச்சை ஒளி செடிக்கு வீண் என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது; அது சரியன்று. இலை பச்சை ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்பி அனுப்புகிறது; எஞ்சிய பெரும்பகுதி இலையின் ஆழ்ந்த அடுக்குகளுக்குள்ளும், மேலிலைகளைக் கடந்து கீழிலைகளுக்கும் சென்று பயன்படுகிறது. 1970களின் தொடக்கத்தில் மெக்ரீ என்ற ஆய்வாளர் இருபதுக்கும் மேற்பட்ட பயிர்வகைகளில் அளந்து, பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுவதைக் காட்டினார். 2014இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட ‘வெஜ்ஜி’ என்னும் வளர்ப்புக்கூடத்தில் சிவப்பு, நீலம் ஆகியவற்றோடு பச்சை விளக்கும் பொருத்தப்பட்டிருந்தது. அங்கு விளைந்த சிவப்பு லெட்டூஸை விண்வெளி வீரர்கள் 2015 ஆகஸ்டில் உண்டார்கள். பச்சை இருந்தால்தான் செடியின் இயல்பான நிறம் நம் கண்ணுக்குத் தெரியும். ஊதா வெளிச்சத்தில் இலை கறுத்துத் தெரிவதால், பழுப்பும் அசுவினிப் பூச்சியும் பரவிய பிறகே கவனத்துக்கு வரும் என்பது வீட்டில் வளர்ப்பவர்களுக்குப் பெரிய இடைஞ்சல்.

சாதாரண வெள்ளை எல்.இ.டி விளக்கு என்பது, நீல ஒளி தரும் சில்லின்மேல் (சிப்) பாஸ்பர் என்னும் ஒளிரும் பொருளைப் பூசி மற்ற நிறங்களையும் வரவழைத்த விளக்கேயாகும். ஆகவே செடிக்கு வேண்டிய மூன்று நிறங்களும் அதில் இருக்கின்றன. பெட்டியின்மேல் 6500 கெல்வின் (வெள்ளொளியின் நிறச்சாயலைக் குறிக்கும் எண்) என்று அச்சிட்டிருந்தால் நீலம் கூடுதல். 3000 என்றிருந்தால் மஞ்சளும் சிவப்பும் கூடுதல். 4000 இடைப்பட்டது, பெரும்பாலான கீரைகளுக்கு ஏற்றது. அது கிடைக்காவிட்டால் 6500இல் ஒன்றும் 3000இல் ஒன்றுமாக இரண்டு குழல்விளக்குகளை அருகருகே மாட்டிவிடலாம்.

நிறம் செடியின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. விளைச்சலைத் தீர்மானிப்பது வெளிச்சத்தின் அளவு. இலைமட்டத்தில் 10,000 முதல் 15,000 லக்ஸ் வரை (லக்ஸ் என்பது மனிதக் கண் உணரும் வெளிச்சத்தின் அலகு), ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் கிடைக்க வேண்டும். கைப்பேசிச் செயலியில் தோராயமாக அளந்துகொள்ளலாம். வெள்ளை விளக்குக்கு இது போதும், ஊதா விளக்குக்கு லக்ஸ் கணக்குப் பொருந்தாது. நான்கடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் உள்ள தட்டுக்கு 20 வாட் குழல்விளக்குகள் குறைந்தது மூன்று தேவைப்படும். இலை நுனிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் அவற்றைத் தொங்கவிட்டு, கீரை வளர வளர உயர்த்துங்கள். 60 வாட் விளக்கு 14 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 0.84 யூனிட், மாதத்துக்குச் சுமார் 25 யூனிட் ஆகும். ஒரு டைமர் பொருத்திவிட்டால் நேரம் தவறாது.

கீரைக்குக் கீரை வேறுபாடு உண்டு. வெந்தயக்கீரையும் லெட்டூஸும் இந்த வெளிச்சத்தில் நன்றாக வரும். மும்பைச் சந்தையில் மணலோடு சிறு கட்டாக விற்கும் சமுத்திர மேத்தி என்னும் வெந்தய முளைக்கீரையைப் போல வெந்தயத்தைக் குருத்திலேயே அறுப்பதாயின், முளை மண்ணைவிட்டு வெளியே வந்த அன்றே விளக்கை ஏற்றிவிட வேண்டும். முதல் இரண்டு நாள் இருட்டில் நீண்ட தண்டைப் பிறகு எந்த நிறத்தாலும் குறுக்க முடியாது. தண்டுக்கீரை, அரைக்கீரை ஆகியவை கடும் வெயிலுக்குப் பழகிய இனங்கள். அவற்றுக்கு இன்னும் ஒரு விளக்கைச் சேர்க்காவிட்டால் தண்டு வலுப்பெறாது. சிவப்பு லெட்டூஸ் வெளிச்சமும் நீலமும் குறைந்தால் பச்சையாகவே நின்றுவிடும். அறுவடைக்கு முந்தைய ஐந்து முதல் ஏழு நாட்கள் 6500 கெல்வின் விளக்கை நெருக்கமாக வைத்தால் நிறம் ஏறும். சில விளக்குகளில் சேர்க்கப்படும் 730 நானோமீட்டர் தொலைச்சிவப்பு (சிவப்பின் எல்லையைக் கடந்த ஒளி), பக்கத்துச் செடியின் நிழலில் நிற்பதுபோன்ற குறிப்பைச் செடிக்குத் தருவதால், லெட்டூஸின் இலை விரியும். வெந்தயமோ நீண்டு சாயும். கலந்து விதைத்த தட்டுக்கு அது வேண்டாம்.

அறுப்பதை விளக்கு அணையும் நேரத்துக்குச் சற்று முன்பாக வைத்துக்கொள்ளுங்கள். இலையில் சேரும் நைட்ரேட்டைச் செடி வெளிச்சத்தின் துணையோடுதான் புரதமாக மாற்றுகிறது. ஆகவே இருட்டு முடிந்த காலையில் அறுத்த கீரையைவிட, நாள் முழுதும் ஒளி பெற்ற கீரையில் நைட்ரேட் குறைவாக இருக்கும்.