கலந்தாய்வு தொடங்கும் முன்பே விருப்பப் பட்டியலை எழுதி வையுங்கள்

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு அடுத்தபடியாக ஒரு மாணவரின் இடத்தைத் தீர்மானிப்பது, எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று அவர் இணையத்தில் வரிசைப்படுத்திக் கொடுக்கும் விருப்பப் பட்டியல். மதிப்பெண்ணுக்காக இரண்டு ஆண்டுகள் இரவு பகலாகப் படித்த பிள்ளைகள் பலர், அந்தப் பட்டியலை மட்டும் கடைசி நாளன்று பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரத்தில் போட்டுவிட்டு வருகிறார்கள். பின்னர் கிடைத்த இடத்தைப் பார்த்து வருந்துகிறார்கள்.

நுழைவுத் தேர்வு 2007-இல் கைவிடப்பட்டதிலிருந்து சேர்க்கை முழுவதும் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நடக்கிறது. கணிதத்தை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50-க்கும் மாற்றி, 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். கணிதத்தில் 92, இயற்பியலில் 85, வேதியியலில் 88 என்றால் 92, 42.5, 44 ஆகியவற்றைக் கூட்டி 178.5 வரும். ஒரே கட்-ஆஃப் பெற்றவர்களில் கணிதத்தில் கூடுதலாக எடுத்தவர் முன்னால் நிற்பார். ஆகவே இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருப்பவர்கள் கணிதத்திற்குக் கொடுக்கும் உழைப்பு இரண்டு மடங்கு பயன் தரும்.

தரவரிசைப் பட்டியல் வந்தவுடன் கட்-ஆஃபைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு ரேங்கைப் பாருங்கள். வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் எல்லோருடைய மதிப்பெண்ணும் ஏறிவிடும் என்பதால், சென்ற ஆண்டு 180-க்குக் கிடைத்த இடம் இந்த ஆண்டும் 180-க்குக் கிடைக்கும் என்று சொல்ல இயலாது. ஆனால் சென்ற ஆண்டு எந்த ரேங்க் வரை ஓர் இடம் போனது என்பது ஓரளவு நம்பத்தக்க அளவுகோல். கல்லூரி வாரியாகவும், பி.சி., எம்.பி.சி. போன்ற இட ஒதுக்கீட்டு வகுப்புப் பிரிவு வாரியாகவும் முந்தைய ஆண்டுகளின் விவரங்கள் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கின்றன. குறைந்தது மூன்று ஆண்டுகளின் விவரங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பொதுப்பிரிவு ரேங்கையும் உங்கள் வகுப்புப் பிரிவு ரேங்கையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள்.

இனி ஒதுக்கீடு நடக்கும் முறை. இதைப் புரிந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கிவிடும். கணினி ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவருடைய பட்டியலின் முதல் வரியில் தொடங்கிக் கீழே இறங்கி வந்து, எந்த வரியில் அவருக்கு உரிய இடம் முதலில் காலியாக இருக்கிறதோ அங்கே நிறுத்திவிடும். ஆகையால் எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால் எட்டும் கல்லூரியும் கைநழுவிப் போகும் என்ற பேச்சில் உண்மை இல்லை. முதல் பத்து வரிகளும் கிடைக்காவிட்டாலும் பதினொன்றாவது வரியில் உங்களுக்கு உள்ள வாய்ப்பு சிறிதும் குறையாது. அதற்கு மாறாக, எப்படியும் கிடைத்துவிடும் என்று ஒரு சாதாரணக் கல்லூரியை மேலே எழுதிவிட்டால், கணினி அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே எழுதிய நல்ல கல்லூரி உங்கள் ரேங்குக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தாலும் அதைத் திரும்பிப் பார்க்காது. வரிசை உங்கள் ஆசையின் வரிசையாகவே இருக்க வேண்டும். கிடைக்குமா கிடைக்காதா என்ற கணக்கு, பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய மட்டுமே உதவ வேண்டும்.

நீளத்திற்கு வரம்பு இல்லை. நன்றாகப் படித்த மாணவி ஒருவர் பன்னிரண்டு விருப்பங்களை மட்டும் பதிந்துவிட்டு, முதல் சுற்றில் எந்த இடமும் இல்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நூறு வரி எழுதுவது அதிகம் என்று எண்ண வேண்டாம். ஆனால் சேர மனமில்லாத கல்லூரியை எண்ணிக்கைக்காக ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள்.

பாடப்பிரிவா, கல்லூரியா என்ற கேள்வியை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல் ஆகியவை மிகவும் நெருங்கிய பிரிவுகள். பெயரில் உள்ள வேறுபாட்டுக்காக ஒரு நல்ல கல்லூரியைக் கீழே தள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் கட்டுமானத்தில் ஆர்வமுள்ள பிள்ளையைக் கணினிப் பிரிவுக்குள் தள்ளுவது வேறு. அதில் பெற்றோர் விட்டுக்கொடுக்க வேண்டும்.

கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபார்க்காமல் எந்த வரியையும் பதியாதீர்கள். கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வேறு, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பம் மற்றும் பயன்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் வேறு. அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயரின் கீழ் கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களும் வரும்; கோவை, மதுரை, திருநெல்வேலி வட்டார வளாகங்களும் வரும். பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் எளிதில் தவறிவிடுவார்.

சாதிச் சான்றிதழையும், குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையெனில் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் தேர்வு முடிவுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்கள் தனியாக உள்ளன; அவற்றில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதற்குப் பள்ளியிலிருந்து பெறவேண்டிய படிப்புச் சான்றை மறக்க வேண்டாம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் ஏற்றுக்கொண்டு சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்குக் காத்திருப்பதா என்று கேட்பார்கள். காத்திருந்தால், உங்கள் பட்டியலில் அந்த இடத்துக்கு மேலே எழுதிய வரிகள் மட்டுமே கணக்கில் வரும். மேலே ஓர் இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும். எனவே அந்தப் பக்கத்தில் பொத்தானை அழுத்தும் முன், நோட்டில் எழுதிய பட்டியலை எடுத்து, மேலே உள்ள ஒவ்வொரு வரிக்கும் இப்போது கையில் இருக்கும் இடத்தை விட்டுத்தர உண்மையில் மனம் இருக்கிறதா என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டு, உரிய நாளுக்குள் உறுதி செய்யுங்கள்.