அமூங்கஸைச் சுற்றி ஓர் அணி: போக்கிமொன் இரட்டையர் போட்டிக்கு முதற்பாடம்

கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் பின்னேரங்களில் கரப்பந்தாட்டம் நடக்கும். ஓங்கி அடிப்பவனுக்குத்தான் கைதட்டல். ஆனால் ஆள் பிரிக்கும்போது முதலில் பேச்சு எழுவது பந்தை உயர்த்திக் கொடுப்பவனைப் பற்றித்தான். போக்கிமொன் என்ற கற்பனை உயிரினங்களை மோதவிடும் காணொளி விளையாட்டில், இரட்டையர் போட்டிக்கு அணி சேர்க்கையில் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். அணியில் ஆறு போக்கிமொன்கள். ஆட்டத்துக்கு நான்கைத் தெரிவு செய்வோம். களத்தில் இரண்டு நிற்கும்.

முதற்படி: துணையாளை, அதாவது தான் அடிப்பதைவிடத் தோழனுக்கு வழிசெய்யும் போக்கிமொனை, தெரிவு செய்யுங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது காளான் வடிவ அமூங்கஸ். ரேஜ் பவுடர் போட்டால், அருகில் நிற்கும் தோழனைக் குறிவைத்த அடி அதன் மேல் திரும்பும். ஸ்போர் பட்ட எதிரி தூங்கிவிடும். அது குறி தவறுவதில்லை. ரீஜெனரேட்டர் என்ற இயல்பு இருந்தால், களத்தைவிட்டு வெளியேறும்போது மொத்த உயிர்ப்புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு மீளும். பெரிய அடி அதனிடம் இல்லை. அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

அடுத்து, யாருக்காக இந்தக் காவல்? இங்கே பொறுமையாக யோசியுங்கள். டோர்கோல் என்ற ஆமையின் எரப்ஷன் தாக்குதலுக்கு முழு உயிர்ப்புள்ளியில் வலு 150. பாதி உயிரில் அது 75 ஆகிவிடும். ஆகவே அதன் மேல் படாத ஒவ்வோர் அடியும் நமக்கு வலுவாகவே திரும்பி வருகிறது. ரேஜ் பவுடருக்கு இதைவிடப் பொருத்தமான துணை தெரியவில்லை. இன்னொரு நன்மை: புல் வகைப் போக்கிமொன்களை ஸ்போரும் ரேஜ் பவுடரும் ஒன்றும் செய்யா, அவற்றை டோர்கோலின் நெருப்பு பார்த்துக்கொள்ளும். களமிறங்கியதும் டிரௌட் இயல்பால் வெயில் எழுந்து நெருப்புத் தாக்குதலை ஒன்றரை மடங்காக்கும். அந்த வெயில் எதிரியின் நெருப்புக்கும் உதவும் என்பதை மறக்காதீர்கள். அமூங்கஸுக்கு நெருப்பு ஆகாது.

மூன்றாவது, வேகம். டோர்கோலின் அடிப்படை வேகம் 20, அமூங்கஸின் வேகம் 30. இரண்டும் ஆமை நடைதான். ட்ரிக் ரூம் போட்டால் வேகம் குறைந்ததே முந்தும். போட்ட சுற்றையும் சேர்த்து ஐந்து சுற்றுகளுக்கு அது நிற்கும். அதைப் போட ஹாட்டரீனை எடுங்கள். அதன் வேகமும் 29தான். முதற்சுற்றில் அமூங்கஸ் ரேஜ் பவுடர், ஹாட்டரீன் ட்ரிக் ரூம். இரண்டாம் சுற்றில் ஹாட்டரீன் வெளியே, டோர்கோல் உள்ளே. மூன்றாவதில் எரப்ஷன்.

இதே வரிசையில் சித்தியின் மகனோடு ஆடினேன். டோர்கோல் உள்ளே வந்த சுற்றிலேயே அவனுடைய கார்ச்சோம்ப் ராக் ஸ்லைடு போட்டது. ஆமையின் உயிர் பாதிக்கும் கீழே இறங்கியது; அடுத்து வந்த எரப்ஷன் எதையும் வீழ்த்தவில்லை. "அண்ணா, காளானைத் தாண்டியும் அடிக்கலாம், பார்த்தீர்களா?" என்றான். அவன் சொன்னது சரி. இரண்டு பேரையும் ஒருசேரத் தாக்கும் அடியை ரேஜ் பவுடர் இழுக்காது.

நான்காவது, துணையாளால் முடியாததை எழுதுங்கள். ஒரு கொப்பியில் எழுதினால் மிச்ச ஆட்கள் தாமாகவே கிடைப்பார்கள். ராக் ஸ்லைடு, எர்த்குவேக் போன்று இருவரையும் தாக்கும் அடிகளை அமூங்கஸால் இழுக்க முடியாது; இவை இரண்டும் உடல்வலுத் தாக்குதல்கள். இன்சினரோர் என்ற போக்கிமொனின் இன்டிமிடேட் இயல்பு எதிரிகளின் அந்த வகைத் தாக்குதல் வலுவை மூன்றில் இரண்டாகக் குறைக்கும். எதிரணியின் நெருப்பு வகைகளை காஸ்ட்ரோடனின் எர்த் பவர் கவனிக்கும். அதன் ஸ்டார்ம் டிரெய்ன் இயல்பு, தோழனைக் குறிவைத்த நீர்த் தாக்குதலையும் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆறாவது இடத்தில் வேகமான ஒன்றை வையுங்கள், ட்ரிக் ரூம் அமையாத ஆட்டங்களுக்காக.

ஐந்தாவது, போக்கிமொன் கூடவே வைத்திருக்கும் பொருள். அமூங்கஸுக்கு மென்டல் ஹெர்ப் கொடுங்கள். டோண்ட் போட்டு ஸ்போரையும் ரேஜ் பவுடரையும் முடக்கப் பார்ப்பவர்கள் நிறைய. அந்த மூலிகை ஒரு தடவை அதை நீக்கும்.

துணையாள் வைத்தால் வெல்ல முடியாது என்று யாராவது சொன்னால் 2014ஆம் ஆண்டு போக்கிமொன் உலகச் சாம்பியன் போட்டியைச் சொல்லுங்கள். கொரியாவின் சேஜுன் பார்க், பச்சிரிசு என்ற சின்ன அணிலை ஃபாலோ மீ போடவைத்துப் பட்டம் வென்றார்.

பயிற்சிக்கு போக்கிமொன் ஷோடவுன் என்ற இணையத்தளம் போதும். இலவசம், தொலைபேசி உலாவியிலேயே ஓடும். முதல் பத்து ஆட்டங்களில் வெற்றியை எண்ண வேண்டாம். எந்தச் சுற்றில் அமூங்கஸ் விழுந்தது, அப்போது டோர்கோலின் உயிர் எவ்வளவு இருந்தது, இந்த இரண்டை மட்டும் அதே கொப்பியில் குறியுங்கள்.