எழுத்தும் நட்பும் ஒரே படப் புத்தகத்தில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்கு எழுத்தையும் அறிமுகம் செய்து, நட்பையும் சொல்லும் படப் புத்தகம் எழுத வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் நிறைய. அவர்களில் சிலர் முதல் டம்மியை, அதாவது புத்தகத்தின் மாதிரிப் படியை, என்னிடம் காட்டுவார்கள். புரட்டும்போதே என்னுடைய பழைய டம்மிகள் நினைவுக்கு வந்துவிடும். அதே இடங்களில் அதே தடுமாற்றம். எழுத்துப் பிழை, வயதுக்கு மீறிய சொல், நெரிசலான பக்கம் இவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவை யார் கண்ணிலும் பட்டுவிடும். பெரியவர்கள் பார்க்கும்போது சரியாகவே தோன்றி, குழந்தையின் கைக்குப் போனதும் சறுக்குகிற தவறுகள்தான் பேச வேண்டியவை.

பண்புப் பெயரை எழுத்தின் தலையில் கட்டுவது

அ என்றால் அன்பு. இ என்றால் இரக்கம். உ என்றால் உதவி. ஒ என்றால் ஒற்றுமை. எழுத்தும் வந்துவிட்டது, நட்புப் பாடமும் வந்துவிட்டது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எழுதுபவருக்கு மகிழ்ச்சி. இத்தனை காலம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

படிக்கத் தெரியாத குழந்தை பக்கத்தை வாசிப்பதில்லை, பார்க்கிறது. படத்தில் தெரிகிற பொருளின் பெயரை வாய் சொல்கிறது. அந்தப் பெயரின் முதல் ஒலியை, அருகில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வடிவத்தோடு சேர்த்துக்கொள்கிறது. படம், ஒலி, வடிவம் மூன்றும் ஒரே இடத்தில் கூடினால்தான் எழுத்து மனதில் தங்கும். அன்பை எப்படி வரைவது? இரண்டு பேர் கட்டிப்பிடித்து நிற்பதாக வரையலாம். அதைப் பார்க்கும் குழந்தை 'அக்கா' என்று சொல்லலாம், 'பாப்பா' என்று சொல்லலாம். 'அன்பு' என்று சொல்லவே சொல்லாது.

புதிதாக எழுத வந்த ஒருவர், வண்ணம் தீட்டி முடித்த முழுப் புத்தகத்தோடு ஒரு முறை வந்தார். உ பக்கத்தில் இரண்டு அணில்கள் பெரிய கொட்டை ஒன்றை மேட்டில் உருட்டிக்கொண்டு போகின்றன. அருமையான ஓவியம், பின்னால் நின்று தள்ளுகிற அணிலின் கால் நகங்கள் மண்ணில் பதிந்திருப்பதுகூடத் தெரிந்தது. கீழே 'உதவி' என்ற சொல். அங்கே இருந்த நான்கு வயதுக் குழந்தை படத்தில் விரலை வைத்து 'அணில்' என்றாள். அவர் உ-வைக் காட்டி, 'இது என்ன எழுத்து?' என்று கேட்டார். 'அ' என்றாள். அவள் சொன்னதில் தவறே இல்லை. புத்தகம் அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது. ஒ பக்கத்தில் வரிசையாகப் பறக்கும் கிளிகள், கீழே 'ஒற்றுமை'. 'கிளி' என்று சொன்னவள், எழுத்தைக் கேட்டதும் பேசாமல் இருந்துவிட்டாள்.

'பெரியவர்கள் விளக்கிச் சொல்லிவிடுவார்களே' என்றார் அவர். பெரியவர்கள் விளக்க வேண்டும் என்றால் படம் எதற்கு?

'ஔவையார் ஆத்திசூடியில் இதைத்தானே செய்தார்?' என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. 'அறம் செய விரும்பு', 'ஆறுவது சினம்' என்ற வரிகள் காதால் கேட்டு, வாயால் சொல்லி, மனப்பாடம் செய்ய ஏற்ற வரிகள். அகர வரிசை அங்கே அடுத்த வரியை நினைவில் எடுத்துக்கொடுக்கிறது. அந்த வரிகளுக்குப் படம் தேவையே இல்லை. நம் புத்தகமோ படத்தை நம்பித்தான் நிற்கிறது.

உருவம் உள்ள சொல்லும் ஏமாற்றும். ஓ என்று போட்டு ஓடத்தை வரைந்தால் குழந்தை 'படகு' என்கிறது. ஔடதம் 'மருந்து' ஆகிவிடுகிறது. ஔவையாரை வரைந்தால் 'பாட்டி'.

அப்படியென்றால் என்ன செய்வது? எழுத்தைப் பொருளிடம் கொடுங்கள், நட்பைச் செயலிடம் கொடுங்கள். ஊ வேண்டுமா, ஊஞ்சலை வரையுங்கள். ஒருத்தி ஆடுகிறாள், இன்னொருத்தி பின்னால் நின்று தள்ளுகிறாள். பக்கத்தைத் திருப்பினால் இருவரும் இடம் மாறியிருக்கிறார்கள். ஏ-வுக்கு ஏணி. ஒருவன் ஏறுகிறான், மற்றவன் கீழே அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறான். ஓ-வுக்கு ஓடத்தை விட்டுவிட்டு ஓட்டையை எடுங்கள். வாளியில் ஓட்டை, தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, தோழி ஓடிவந்து விரலால் அடைக்கிறாள். குழந்தை 'ஓட்டை!' என்று கத்தும். 'உதவி' என்ற சொல்லை எங்கேயும் எழுதத் தேவையில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. பென்சில் ஸ்கெட்ச் நிலையிலேயே, எழுத்தும் சொல்லும் இல்லாமல், படத்தை மட்டும் குழந்தைகளிடம் காட்டி 'இது என்ன?' என்று கேளுங்கள். எடுத்துக்கொடுக்காதீர்கள், தலையாட்டாதீர்கள். முதலில் வாயில் வருகிற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை போதாது, உங்கள் வீட்டுக் குழந்தை மட்டும் என்றால் நிச்சயம் போதாது. பலரும் வேறு சொல்லைச் சொன்னால் படத்தை மாற்றுங்கள் அல்லது சொல்லை மாற்றுங்கள். அந்த அணில் புத்தகத்தில் பாதிக்கு மேல் மறுபடி வரைய வேண்டியிருந்தது. ஓவியர் மாதக்கணக்கில் உழைத்த பக்கங்கள் அவை. பென்சில் கோட்டிலேயே கண்டிருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்திருக்கும். இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எல்லா எழுத்துக்கும் சம இடம்

படப் புத்தகங்கள் பெரும்பாலும் 24 அல்லது 32 பக்கங்களில் வருகின்றன. பெரிய தாளில் அச்சிட்டு மடிப்பதால் பக்கக் கணக்கு 8, 16 என்ற மடங்குகளில் போகும். 12 உயிரெழுத்துக்கும் ஆளுக்கு ஓர் இரட்டைப் பக்கம் கொடுத்தால் அதிலேயே 24 பக்கம் தீர்ந்துவிடும். கதை என்று ஒன்று நடக்க எங்கே இடம்? அ-வுக்கு ஒரு விலங்கு வரும், ஆ-வுக்கு இன்னொன்று வந்து சேரும், இ-க்கு மற்றொன்று. கடைசியில் எல்லோரும் வட்டமாக நின்று கைகோத்துக்கொள்வார்கள். இது வருகைப் பதிவேடு, கதை அல்ல.

நட்பைச் சொல்ல வேண்டும் என்றால் ஒரு சண்டை வேண்டும், கோபம் வேண்டும், பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நேரம் வேண்டும். அந்த இரட்டைப் பக்கத்தில் புதிய எழுத்து எதுவும் வரக் கூடாது. குழந்தை அங்கே முகங்களைத்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் 247 எழுத்து இருப்பதற்காக ஒரே புத்தகத்தில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியதில்லை. நான்கைந்து போதும். 'பட்டம்' என்ற ஒரே சொல்லில் ப, ட், ட, ம் நான்கும் இருக்கின்றன, கோடுகளும் எளியவை. இருவருக்கு ஒரே பட்டம், ஒரே நூல் என்று வைத்தால் சண்டைக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது.

சொல்லின் தொடக்கத்தில் வராத எழுத்துகள்

புள்ளி வைத்த எழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. ண, ன, ழ, ள, ற ஆகியவையும் தொடக்கத்துக்கு வருவதில்லை. இதைச் சமாளிக்க 'ணம்பி', 'ழகு' என்று பாத்திரங்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இல்லாத சொல்லைக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். கண்ணில் ண் இருக்கிறது, பழத்தில் ழ இருக்கிறது. அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் வேறு வண்ணம் கொடுத்தால் போதும். ஆத்திசூடி இந்த இடத்தில் நல்ல வழிகாட்டி. ஃ-க்கு 'அஃகஞ் சுருக்கேல்' என்று எழுத்து சொல்லுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. ங வரும்போது சொல் தேடி அலையாமல், 'ஙப் போல் வளை' என்று எழுத்தையே எடுத்துக் காட்டிவிட்டார் ஔவையார்.

ஔ

ஒ, ள என்று இரண்டாகத் தட்டாதீர்கள். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் ஔ ஒரே எழுத்து. கௌ-வையும் கெ, ள என்று தட்டாதீர்கள்.

ப-வுக்குப் பலூன்

படம் அழகாக இருக்கும், குழந்தைக்கும் பிடிக்கும். ஆனால் பல்லியின் ப ஒலி வேறு, பலூனின் ப ஒலி வேறு. முதல் அறிமுகத்தில் பல்லியைப் போடுங்கள், பலூன் பிறகு வரட்டும்.

அலங்கார எழுத்துரு

எ-வுக்கும் ஏ-வுக்கும் வேறுபாடு கீழே இழுக்கும் ஒரு சின்னக் கோடு. ஒ-வுக்கும் ஓ-வுக்கும் ஒரு சுழி. அலங்கார எழுத்துருக்களில் முதலில் காணாமல் போவது இவைதான். சில எழுத்துருக்களில் துணைக்காலும் ர-வும் ஒன்று போலவே நிற்கும். லேஅவுட் தொடங்கும் முன் எ ஏ, ஒ ஓ, கா கர என்று தட்டி, அச்செடுத்து, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். பூனையின் வாலை வளைத்து எழுத்தாக்குவதும் இதே வகைதான். குழந்தை பூனையைப் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது.

இரண்டு பக்கம் சேரும் மடிப்பு

எழுத்தை அங்கே வைக்காதீர்கள். பைண்டிங் விழுங்கிவிடும்.

கடைசிப் பக்க அறிவுரை

வெட்டிவிடுங்கள்.

உபயோகப்பட்ட பிறகு சேர்த்துக்கொள்வது

வேறு மாதிரி இருக்கிற ஒருவனை மற்றவர்கள் ஒதுக்குகிறார்கள். ஒரு நாள் ஆபத்து வருகிறது. ஒதுக்கப்பட்டவன் எல்லோரையும் காப்பாற்றுகிறான். உடனே நண்பனாக்கிக்கொள்கிறார்கள். புதிதாக எழுதுபவர்கள் பலரும் நல்ல எண்ணத்தோடுதான் இந்தக் கதையை எழுதுகிறார்கள். ஆனால் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் குழந்தை இதைக் கேட்டால் என்ன புரிந்துகொள்ளும்? நான் ஏதாவது பெரிதாகச் செய்து காட்டினால்தான் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்றுதானே? ஒதுக்கியவர்கள் மன்னிப்புகூடக் கேட்பதில்லை. மாற வேண்டிய வேலை முழுவதும் ஒதுக்கப்பட்டவன் மேல் விழுகிறது.

மாற்ற வேண்டியது ஒதுக்கியவர்களைத்தான். ஓட்டப் பந்தயத்தில் ஆமையைச் சேர்க்க மாட்டேன் என்று சொன்னவர்கள், அது இல்லாமல் ஆட்டம் சுவைக்கவில்லை என்று கண்டு, ஆட்டத்தையே மாற்றட்டும். கண்ணாமூச்சி விளையாடட்டும். ஆமை யாரையும் காப்பாற்ற வேண்டாம், வேகமாக ஓடக் கற்றுக்கொள்ளவும் வேண்டாம். புதருக்குப் பின்னால் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு ஒளியட்டும். பக்கத்தில் பெரிதாக ஆ. தேடுகிற முயலுக்கு முன்பே குழந்தை விரலை வைத்து 'ஆமை' என்று சொல்லிவிடும்.