டாக்ஸி செய்யும் (தரையில் உருண்டு செல்லும்) விமானத்துக்கு அருகே வண்டி ஓட்டுவது எப்படி? ஏப்ரானுக்குப் (விமானங்கள் நிற்கும் தளத்துக்கு) புதிதாக வரும் ஓட்டுநர்களுக்கு

ஏ.இ.பி. பாஸும் (விமான நிலைய நுழைவு அனுமதி) ஏ.டி.பி.யும் (அங்கே வண்டி ஓட்டும் அனுமதி) கைக்கு வந்துவிட்டன, வகுப்பும் தேர்வும் முடிந்துவிட்டன என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விதிகளை வகுப்பிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். ஆனால் வண்டிகள் ஓடும் சர்வீஸ் ரோடு, விமானங்கள் உருளும் டாக்ஸிவேயைக் கடக்கும் இடத்தில், தூரத்தில் ஒரு ஏ320 விமானம் வந்துகொண்டிருக்கும்போது போவதா நிற்பதா என்பதில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். அதனால் அந்தப் படியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: வண்டியை எடுக்கும் முன்

பிரேக், ஹாரன், கூரைமேல் உள்ள ஆம்பர் சுழல்விளக்கு, பின்னால் இழுக்கும் சரக்கு டாலிகளின் இணைப்புப் பின், சரக்கின் மேல் கட்டிய வலை, எல்லாவற்றையும் பாருங்கள். மண் தரையிலிருந்து வந்திருந்தால் டயர் இடுக்கில் சிக்கிய கற்களை எடுத்துவிட்டுத்தான் ஏப்ரானில் ஏற வேண்டும். சுழல்விளக்கில் காந்தம் வைத்து ஒட்டும் வகையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அது குலுங்கி விழுந்தால் இன்ஜின் உறிஞ்சக்கூடிய எஃப்.ஓ.டி. (தரையில் கிடக்கும் ஆபத்தான அந்நியப் பொருள்) ஆகிவிடும். போல்ட் போட்டு இறுக்கியதே நல்லது. விமான நிலைய வரைபடத்தை லேமினேட் செய்து வண்டியில் வையுங்கள். போனில் வரைபடம் பார்த்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

படி 2: கடக்கும் இடம்

நிறுத்தக் கோட்டில் முழுதாக நில்லுங்கள். கண்ணாடியை இறக்கி இரண்டு பக்கமும் பாருங்கள், பிறகு பேக்களின் (விமானங்கள் நிறுத்தும் இடங்களின்) பக்கமும் பாருங்கள். புஷ்பேக் ஆகும் விமானம் அங்கிருந்துதான் பின்னோக்கி வரும். டாக்ஸி செய்யும் விமானம், இழுத்துச் செல்லப்படும் விமானம், இரண்டுக்குமே முதல் உரிமை உண்டு. விமானி உங்களுக்காக பிரேக் போடுவார் என்று ஒருநாளும் எண்ணாதீர்கள். மூக்குக்குக் கீழே நிற்கும் சிறு வண்டி காக்பிட்டிலிருந்து தெரியாது. திடீரென்று பிரேக் அடித்தால் உள்ளே நின்றுகொண்டிருக்கும் பணிப்பெண்ணுக்குத்தான் முதலில் அடிபடும்.

தூரத்தைக் கணிக்க ஒரு வழி உண்டு. உருளும் வண்டியிலிருந்து பார்க்கும்போது விமானம் உங்கள் முன்கண்ணாடியில் ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால், நீங்களும் அதுவும் ஒரே புள்ளியில் சந்திக்கப் போகிறீர்கள். உடனே நில்லுங்கள். 'வேகமாகப் போனால் கடந்துவிடலாம்' என்ற கணக்கு தோன்றினாலே பதில் 'நில்' என்பதுதான்.

அடுத்த தவறு, மூக்கு கடந்ததும் வண்டியைக் கிளப்புவது. ஏ320-இன் இறக்கை அகலம் சுமார் 36 மீட்டர். அதில் பாதி உங்கள் பக்கம் நீண்டிருக்கும். விமானம் திரும்பும்போது, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் வெளிமுனை நேராகப் போகும்போது இருந்ததைவிட இன்னும் வெளியே வீசிக்கொண்டு வரும். வாலும் வெளிப்பக்கம் வீசும். நிறுத்தக் கோட்டைத் தாண்டி 'கொஞ்சம்தானே' என்று முன்னே நிற்கும் வண்டி அந்த வீச்சில்தான் மாட்டுகிறது.

வால் கடந்த பிறகும் பொறுங்கள், ஜெட் பிளாஸ்ட் (இன்ஜின் பின்னால் வீசும் வேகக் காற்று) இருக்கிறது. போயிங் 737-இன் இன்ஜின் ஐடிலில் (மிகக் குறைந்த விசையில்) ஓடும்போதே பின்னால் 30 மீட்டர் வரை ஆபத்துப் பகுதி. நின்ற விமானம் மறுபடி நகரத் தொடங்கும்போது விமானி த்ரஸ்ட்டை (இன்ஜினின் உந்துவிசையை) ஏற்றுவார். அப்போது இந்தத் தூரம் பல மடங்காகும். காலி டாலி, கண்டெய்னர், கோன் எல்லாம் பறக்கும். எனவே முன்னால் போன விமானம் சட்டென்று நின்றுவிட்டால் அதன் பின்னால் கடக்காதீர்கள். அது நகர்ந்து, நன்றாக விலகிய பிறகு போங்கள்.

படி 3: இரவிலும் மழையிலும்

ஈரத் தரையில் விளக்குகள் எல்லாம் இரட்டையாகத் தெரியும். இறக்கை நுனி விளக்குகளைப் படிக்கப் பழகுங்கள். விமானத்தின் இடது நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை. சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் மூக்கு உங்கள் இடப்பக்கம் நோக்கியிருக்கிறது. பச்சை மட்டும் என்றால் வலப்பக்கம். உங்கள் வலதில் சிவப்பும் இடதில் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது உங்களை நோக்கியே நிற்கிறது. காது உறை போட்டிருந்தால் சத்தத்தை நம்ப முடியாது, கண்தான் துணை.

படி 4: பேயில் நெருங்குவது

விமானம் நின்றதும் ஓடாதீர்கள். இன்ஜின் அணைந்து, விமானத்தில் மின்னும் சிவப்பு பீக்கன் விளக்கு அணைந்து, சக்கரத்துக்கு சாக் (உருளாமல் தடுக்கும் கட்டை) வைத்து, பொறுப்பாளர் கை காட்டிய பிறகுதான் உள்ளே போக வேண்டும். அதுவரை வண்டி பேயைச் சுற்றிய சிவப்புக் கோட்டுக்கு வெளியே இருக்கட்டும். 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் ஓர் எம்ப்ரேயர் 175 பேயில் நின்றபோது ஒரு இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அருகில் போன தரைப்பணியாளர் உறிஞ்சப்பட்டு இறந்தார்.

கோட்டுக்கு முன் ஒருமுறை, விமானத்திலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி இன்னொருமுறை முழுதாக நிறுத்தி பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு நடை வேகம். ரிவர்ஸ் எடுக்க வழிகாட்டும் ஆள் கட்டாயம். எரிபொருள் வண்டி வெளியேறும் வழியை அடைக்காதீர்கள்.

படி 5: ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) அனுமதி தேவைப்படும் பகுதி

ஏப்ரான் மட்டும் என்று பெர்மிட் இருந்தால் இங்கே வர உங்களுக்கு வேலையில்லை. வருபவர்கள், ஓடுபாதைக்கு முன்னால் இரண்டு மஞ்சள் முழுக்கோடும் இரண்டு விட்டு விட்டுப் போட்ட கோடும் சேர்ந்த குறியைத் தெளிவான அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது. அனுமதியை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லுங்கள். 2022 நவம்பர் 18 அன்று லிமாவில் ஒத்திகைக்குக் கிளம்பிய தீயணைப்பு வண்டி ஓடுபாதையில் ஏறியது. அப்போது டேக்-ஆஃபுக்கு ஓடிக்கொண்டிருந்த ஏ320நியோ அதில் மோதியது. இரண்டு வீரர்கள் அங்கேயே இறந்தார்கள்.

ரேடியோ செத்துவிட்டால் டவரிலிருந்து (ஏ.டி.சி. கோபுரம்) காட்டும் விளக்கைப் பாருங்கள். விட்டு விட்டு எரியும் பச்சை என்றால் கடக்கலாம். நிலையான சிவப்பு என்றால் நில். விட்டு விட்டு எரியும் சிவப்பு என்றால் ஓடுபாதை, டாக்ஸிவேயை விட்டு விலகு. விட்டு விட்டு எரியும் வெள்ளை என்றால் அந்தப் பகுதியையே விட்டு வெளியேறு. வழி தவறினால் மறைக்காமல் உடனே டவரிடம் சொல்லுங்கள். ஓடுபாதையில் இருந்தால் மட்டும் முதலில் வெளியேறிவிட்டுச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: பீக்கன் அணைந்திருந்தால் பயமில்லையா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். விளக்கே பழுதாகியிருக்கலாம். இன்ஜினை அணைத்த பிறகும் அதன் ஃபேன் சிறிது நேரம் சுழலும். ஃபேனைக் கண்ணால் பாருங்கள். இழுத்துச் செல்லப்படும் விமானத்திலும் பீக்கன் எரியலாம், எனவே இன்ஜின் சத்தம் இல்லையே என்று முன்னால் புகுந்துவிடாதீர்கள். கடக்கும் இடத்தில் வண்டி நின்றுபோனால் இறங்கித் தள்ள முயலாமல், ஹசார்ட் விளக்கைப் போட்டு, அருகிலுள்ள பே எண்ணோடு ஏப்ரான் கண்ட்ரோலுக்கு முதலில் தகவல் கொடுங்கள்.