டபுள் பாட்டம்: பங்கு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

சார்ட் பேட்டர்ன் (விலை வரைபடத்தில் தெரியும் வடிவம்) என்று தேடினால் பெயர்கள் வரிசை கட்டி வரும். புதிதாக வருபவருக்கு ஒன்று போதும். நான் டபுள் பாட்டத்தைச் சொல்வேன். இறங்கிய விலை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இரண்டு முறை பள்ளம் போட்டு மேலே திரும்பும் வடிவம் அது. பார்க்க ஆங்கில டபிள்யூ எழுத்து போல இருக்கும்.

முதலில் தினசரி கேண்டில் சார்ட்டைத் திறந்துகொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு நாளின் விலையும் ஒரு பட்டையாக, அதாவது ஒரு கேண்டிலாகத் தெரியும். ஐந்து நிமிட சார்ட்டில் தேடினால் நாளுக்கு நாலு டபிள்யூ கிடைக்கும், ஒன்றும் உருப்படாது. அடுத்து, விலை ஏற்கெனவே நன்றாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறக்கமே இல்லாத இடத்தில் இந்த வடிவத்துக்கு அர்த்தமில்லை.

இனி ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். 260 ரூபாயிலிருந்து 200 வரை இறங்குகிறது. அங்கிருந்து 220 வரை ஏறி, மறுபடி 202-க்கு வந்து திரும்புகிறது. இரண்டு பள்ளங்களும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். இடையே சில வாரங்களாவது இருந்தால் நல்லது. நடுவில் தொட்ட 220-இல் ஒரு படுக்கைக்கோடு போடுங்கள். அதுதான் நெக்லைன். விலை அதற்கு மேலே முடியும் வரை பேட்டர்ன் உறுதியாகவில்லை. பகலில் 223 தொட்டுவிட்டு, மாலை சந்தை மூடும்போது 218-இல் முடிந்தால் அது பிரேக்அவுட் (நெக்லைனை உடைத்து மேலேறுவது) கிடையாது. மேலே முடிகிற அன்று வால்யூமும் (கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை) வழக்கத்தைவிடக் கூடியிருக்க வேண்டும்.

சரி, எவ்வளவு ஏறும்? பள்ளத்திலிருந்து நெக்லைன் வரை உயரம் 20. அதை 220-உடன் கூட்டினால் டார்கெட் 240. பல பேர் இந்தக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். 222-க்கு வாங்கி, பள்ளத்துக்குக் கீழே 198-இல் ஸ்டாப் லாஸ் (அந்த விலைக்கு இறங்கினால் விற்று வெளியேறும் ஆர்டர்) வைத்தால் போகக்கூடியது 24 ரூபாய், வரக்கூடியது 18. பேட்டர்ன் சரியாகவே இருந்தாலும் இந்த டிரேட் தேவையில்லை.

பிரேக்அவுட்டுக்குப் பிறகு விலை பல நேரம் நெக்லைனுக்குத் திரும்பி வரும். 215 வரை வந்து, மீண்டும் 220-ஐத் தாண்டும்போது 221-க்கு வாங்கி, 213-இல் ஸ்டாப் லாஸ் வையுங்கள். இப்போது ரிஸ்க் 8, லாபம் 19. திரும்பி வராமலே ஏறிப்போய்விட்டால் விட்டுவிடுங்கள், துரத்த வேண்டாம்.

எத்தனை பங்கு? கையில் ஒரு லட்சம் இருந்தால், ஒரு டிரேடில் ஒரு சதவீதம், அதாவது ஆயிரம் ரூபாய்க்கு மேல் இழக்காதபடி பாருங்கள். ஆயிரத்தை 8-ஆல் வகுத்தால் 125 பங்குகள்.

எல்லா இறக்கமும் இப்படி அழகாக முடியாது. 2020 மார்ச் 24 அன்று பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 7,511 வரை விழுந்தது. அங்கிருந்து நேராக மேலே கிளம்பிவிட்டது. இரண்டாவது பள்ளத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது வரவே இல்லை.

அப்புறம், இதை ஆப்ஷன்ஸில் (பங்கை நேரடியாக வாங்காமல், குறித்த விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமையை வைத்துச் செய்யும் வணிகம்) முயற்சிக்காதீர்கள். 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-வில், அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டதாக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஆய்வு சொல்கிறது.

பணம் போடும் முன் டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தில் பார் ரீப்ளே வசதியை எடுத்து, பழைய சார்ட்டை ஒவ்வொரு கேண்டிலாக நகர்த்திப் பழகுங்கள். ஜெயித்தவற்றை மட்டும் குறிக்காமல், நெக்லைனைத் தாண்டியும் கவிழ்ந்தவற்றையும் நோட்டில் எழுதி வையுங்கள்.