பேஸ் மட்டும் தூக்கலாகக் கேட்கிறதா? குமிழைத் தொடுவதற்கு முன்

பாட்டைப் போட்டால் பாடகரின் குரல் எங்கோ பின்னால் கேட்கிறது, முன்னால் ‘கும் கும்’ என்று ஒரே அதிர்வு. உடனே கை பேஸ், அதாவது கனத்த கீழ் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குத்தான் போகும். முதல் தவறே அதுதான். குமிழைக் குறைத்தால் அதிர்வு அடங்கும், சரி. கூடவே மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் பேஸ் கிதாரும் மெலிந்து, பாட்டே சப்பென்று ஆகிவிடும்.

பெரும்பாலான அறைகளில் பேஸ் முழுவதும் ஒரே சீராக அதிகமாக இருப்பதில்லை. அதில் ஒன்றிரண்டு ஸ்வரங்கள் மட்டும் வீங்கியிருக்கும். வீங்க வைப்பது ஸ்பீக்கர் அல்ல, அறை. எதிரெதிர்ச் சுவர்களில் ஒலி மோதி மோதித் திரும்பும்போது, எந்த ஒலியின் பாதி அலைநீளம் அறையின் நீளத்துக்குச் சமமாக இருக்கிறதோ அது பெருகும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அறை 4 மீட்டர் நீளம் என்றால் முழு அலைநீளம் 8 மீட்டர்; 343ஐ 8ஆல் வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 43 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்கான 86இலும் இன்னொரு வீக்கம் இருக்கும். அகலமும் உயரமும் தத்தம் பங்குக்குச் சில வீக்கங்களைச் சேர்க்கும்.

நம்பிக்கை வராவிட்டால், ஒரே ஸ்வரத்தை விடாமல் ஒலிக்கும் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றில் அந்த 86 ஹெர்ட்ஸை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு அறையின் நீளவாக்கில் நடந்து பாருங்கள். சுவரோரம் காதை அடைக்கும் ஒலி, ஒரு மீட்டர் தள்ளி வந்ததும் வெகுவாகச் சுருங்கும், நடுவில் மறுபடி எழும். ஸ்பீக்கரில் எதையும் மாற்றவில்லை, நீங்கள்தான் நகர்ந்தீர்கள்.

அதனால்தான் சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு ஸ்பீக்கரைத் திட்டுவது வீண். எல்லா வீக்கங்களும் சுவரில்தான் உச்சத்தில் இருக்கும். அரை மீட்டரோ ஒரு மீட்டரோ முன்னால் இழுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம். அதற்காக அறையின் சரிபாதியில் போய் உட்காரவும் வேண்டாம். அங்கே 43 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய காணாமல் போய், பாட்டு மெலிந்து கேட்கும்.

ஸ்பீக்கரை மூலையில் திணிப்பது அடுத்த தவறு. இடம் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு சுவரும் பேஸை 6 டெசிபல் வரை ஏற்றிவிடும். தரையும் அந்தக் கணக்கில் சேரும். பெட்டியின் பின்பக்கம் காற்றுத் துளை இருந்தால் சுவரோடு ஒட்டவே கூடாது. நகர்த்த வழியே இல்லையா? அந்தத் துளையில் ஒரு பஞ்சு உருண்டையையோ சுருட்டிய சாக்ஸையோ செருகிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், காசு போகாது. அப்புறம், பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் இருக்கும் மேசை மீது கையை வையுங்கள். பலகை அதிர்ந்தால் அதுவும் சேர்ந்து பாடுகிறது என்று அர்த்தம். அடியில் தடித்த ரப்பர் அல்லது ஃபோம் துண்டு கொடுங்கள்.

சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் வேறு கதை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். 5 சென்டிமீட்டர் ஃபோம் அதை என்ன செய்துவிடும்? உயர் ஒலிகளைத்தான் விழுங்கும். விளைவு, பேஸ் முன்பைவிடத் துருத்திக்கொண்டு தெரியும். பேஸை உறிஞ்ச வேண்டுமானால் மூலைகளில் நல்ல கனமான அடுக்குகள் வேண்டும். வாங்குவதற்கு முன் நகர்த்திப் பார்ப்பதே என் கட்சி.

இன்னொன்று, பேஸை எத்தனை இடத்தில் ஏற்றியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பாட்டுச் செயலியின் ஈக்வலைசரில் (ஒலிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி) ஒரு ‘பேஸ் பூஸ்ட்’, கைபேசி அமைப்பில் ஒன்று, ஆம்ப்ளிஃபயரில் ‘லௌட்னஸ்’ பொத்தான். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குக் கீழ் ஒலிகள் சரியாக எட்டாது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் லௌட்னஸ் பொத்தான். சத்தத்தை ஏற்றிய பிறகும் அது அழுந்தியே இருந்தால் ‘கும்’ என்றுதான் கேட்கும். எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து ஒருமுறை கேளுங்கள். ஹெட்போனிலும் அதே பாட்டு அப்படியே அதிர்ந்தால், பதிவே அப்படி. வேறு நாலு பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஈக்வலைசரைத் தொடலாம். வீங்கிய அந்த ஒரு ஹெர்ட்ஸை மட்டும் குறுகலாக, 4 முதல் 6 டெசிபல் வெட்டினால் போதும். பேஸை அடக்க டிரெபிளை (உயர் ஒலிகளை) ஏற்றுபவர்களுக்குக் காதுவலிதான் மிஞ்சும். அதேபோல், பள்ளமாகக் கேட்கும் ஸ்வரத்தை ஏற்றி நிரப்பப் பார்க்காதீர்கள். ஏற்றியதும் அதே இடத்தில் அடிபட்டுப் போகும், ஆம்ப்ளிஃபயர் திணறுவதுதான் மிச்சம்.

பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் வைத்திருந்தால், அது எந்த ஹெர்ட்ஸ் வரை வாசிக்க வேண்டும் என்று சொல்லும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். அதற்குமேல் விட்டால் பெரிய ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒரே ஸ்வரத்தை இரட்டிப்பாக வாசிக்கும். இடம் தேட ஒரு பழைய வழி: சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இருக்கையில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, தரையில் குனிந்து சுவரோரமாக நகர்ந்து வாருங்கள். பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டுபோய் வையுங்கள். பிறகு கண்ணை மூடிக் கேளுங்கள். சப்வூஃபர் இருக்கும் திசையைக் காது கண்டுபிடித்துவிட்டால் அதன் சத்தமோ கிராஸ்ஓவரோ இன்னும் அதிகம், கொஞ்சம் இறக்குங்கள்.